வாரன்டியும் சந்தையும்: இரண்டு சட்டங்களை ஒரே பாடமாகப் படித்தல்

புதுக் கார் வாங்குபவருக்கு ஷோரூமிலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்துவிடும்: “வெளி மெக்கானிக்கிட்ட விட்டா வாரன்டி போயிடும் சார்.” கேட்பவருக்கு அது அக்கறையான அறிவுரையாகவே படும். சட்டக் கண்ணோடு பார்த்தால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தர வேண்டிய உத்தரவாதத்தை விற்றவர் இப்படி ஒரு நிபந்தனையில் கட்டிப்போடலாமா? இது நுகர்வோர் சட்டத்தின் கேள்வி. அந்த நிபந்தனையால் ஊரில் உள்ள தனி ஒர்க்‌ஷாப்காரர்களின் தொழில் அடைபடுகிறதா? இது போட்டிச் சட்டத்தின் கேள்வி. சொன்ன வார்த்தை ஒன்று, பாதிப்பும் ஒன்று. ஆனால் இந்தியாவில் இந்த இரண்டு கேள்விகளையும் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களில்தான் கேட்க முடியும்.

2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் மூன்று கார் கம்பெனிகளைப் பற்றி ஒரு புகார் வந்தது. அவற்றின் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தேவையான தொழில்நுட்பத் தகவல்கள் தனி மெக்கானிக்குகளுக்குத் தரப்படுவதில்லை என்பது சாரம். விசாரணை விரிந்து 17 கம்பெனிகளை எட்டியது. 2014 ஆகஸ்ட்டில் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆணையத்தின் தர்க்கம் எளிமையானது, கூர்மையானதும்கூட. கார் வாங்கும் நாளில் பல கம்பெனிகள் நம் முன் போட்டி போடுகின்றன. வாங்கிவிட்ட மறுநாளிலிருந்து அந்தக் காரின் கியர்பாக்ஸுக்கும் பம்பருக்கும் ஒரே ஒரு கம்பெனிதான். ஆகவே கார் சந்தையில் சிறிய பங்கே உள்ள கம்பெனியும் தன் பிராண்டின் உதிரிபாகச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறது. வெளியே பழுது பார்த்தால் வாரன்டி ரத்து என்ற நிபந்தனை அந்த ஆதிக்கத்துக்குக் காவல் நிற்கிறது.

தீர்ப்பு நல்லதுதான். அதனால் கார் வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் சிக்கல். ஆணையம் விதிக்கும் அபராதம் வசூலானால் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். கூடுதல் விலை கொடுத்தவர் இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவின் கீழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனு போட வேண்டும். ஒரு பம்பருக்காக யார் டெல்லி வரை போவார்கள்? கம்பெனிகளோ சில தீர்ப்பாயத்துக்கும் சில உயர்நீதிமன்றங்களுக்கும் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மறுபக்கம், வாரன்டி மறுக்கப்பட்ட ஒருவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் அவருடைய பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் உதிரிபாகச் சந்தையைத் திறந்துவிடு என்று அந்த ஆணையம் உத்தரவிடாது. தனிமனிதக் குறையை ஒரு சட்டமும், சந்தையின் குறையை இன்னொரு சட்டமும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று கண்டதை மற்றொன்று அறிவதில்லை.

இதே வாரன்டிப் பிரச்சினை ஆஸ்திரேலியாவில் வேறு வழியில் போனது. அங்கே ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் ஒன்றே இரண்டு சட்டங்களையும் கையில் வைத்திருக்கிறது. புதுக் கார் விற்பனைச் சந்தையை அது ஒரு வழக்காக எடுக்காமல் ஓர் ஆய்வாக எடுத்துக்கொண்டு, 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. கார் வாங்கியவர்களின் சட்ட உத்தரவாத உரிமைகள் எப்படி மழுப்பப்படுகின்றன, தனி மெக்கானிக்குகளுக்குத் தகவல் எப்படி மறுக்கப்படுகிறது என்ற இரண்டும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து வந்தன. அடுத்த ஏப்ரலில், பழுதான கியர்பாக்ஸ் பற்றிப் புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக ஃபோர்டு கம்பெனிக்கு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி டாலர் அபராதம் விதித்தது. இது நுகர்வோர் சட்டத்தின் வேலை. 2022 ஜூலை 1 முதல், பழுது பார்க்கும் தகவல்களை நியாயமான விலைக்குத் தனி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் விற்க வேண்டும் என்ற கட்டாயத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இது போட்டிச் சட்டத்தின் வேலை. ஒரே ஆய்வு இரண்டு பக்கமும் பேசியது.

ஆஸ்திரேலியர்கள் இப்படிச் சேர்த்து யோசிப்பது நேற்று வந்த பழக்கமல்ல. பிரதமர் விட்லமின் அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி கொண்டுவந்த 1974ஆம் ஆண்டின் வணிக நடைமுறைச் சட்டத்திலேயே போட்டி விதிகளும் நுகர்வோர் பாதுகாப்பும் சேர்ந்தே இருந்தன. ஹில்மர் குழுவின் 1993 அறிக்கைக்குப் பிறகு, 1995இல் இன்றைய ஆணையம் உருவானது. 2011 ஜனவரி 1 முதல் சட்டத்தின் பெயரே ‘போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம்’ என்று மாறியது. நுகர்வோர் சட்டம் முழுவதும் அதன் இரண்டாம் அட்டவணையாக உள்ளே அமர்ந்திருக்கிறது.

நம்மிடம் அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. 1969இன் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம், எம்.ஆர்.டி.பி. சட்டம் என்று வக்கீல்கள் சொல்வது, தொடக்கத்தில் பெருமுதலாளிகள் மேலும் பெருக்காமல் பார்த்துக்கொள்ள வந்த சட்டம். சச்சார் குழுவின் பரிந்துரையை ஏற்று 1984இல் அதில் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற பகுதி சேர்க்கப்பட்டது. பொய் விளம்பரம், ஏமாற்றுப் பரிசுத் திட்டம், தரம் குறைந்த பொருள் எல்லாம் அதற்குள் வந்தன. இரண்டாண்டுகளில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதே கருத்தை எடுத்துக்கொண்டது. ஏகபோகத்தை விசாரித்த அதே ஆணையம் விளம்பரப் பொய்களையும் விசாரித்தது.

1999இல் அமைந்த ராகவன் குழு இந்தச் சேர்க்கையைப் பிரித்துவிடச் சொன்னது. புதிய போட்டிச் சட்டம் சந்தையை மட்டும் பார்க்கட்டும், நியாயமற்ற வணிக நடைமுறைகள் நுகர்வோர் நீதிமன்றங்களுக்குப் போகட்டும் என்றது. 2002இல் சட்டம் நிறைவேறினாலும் கார்ட்டல் (கம்பெனிகள் தமக்குள் கூடிப் பேசி விலை வைப்பது), ஆதிக்கத் துஷ்பிரயோகம் பற்றிய பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் அமலுக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் எம்.ஆர்.டி.பி. சட்டம் விலக்கப்பட்டது. குழுவின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆணையம் சில்லறை விளம்பர வழக்குகளில் மூழ்கியிருந்தால் சிமென்ட் விலையை யார் பார்ப்பது? 2012இல் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்ட உத்தரவு, சந்தையை மட்டும் பார்க்கும் ஓர் அமைப்பால்தான் சாத்தியமானது. அந்தப் பட்டியலில் சென்னையில் தலைமையிடம் கொண்ட கம்பெனிகளும் இருந்தன. அந்த வழக்கும் மேல்முறையீட்டில் ஒருமுறை ரத்தாகி, மறுபடி உத்தரவாகி, உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆனால் சட்டங்களைப் பிரித்த கையோடு சிந்தனையும் பிரிந்துவிட்டது. இதற்கு இரண்டு கட்டிட வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். குர்கானில் டி.எல்.எஃப். கட்டிய பெலேர் அடுக்குமாடித் திட்டம் 19 மாடி என்று சொல்லி விற்கப்பட்டு, பின்னர் 29 மாடியாக உயர்ந்தது. ஒப்பந்தத்தில் இருந்த ஷரத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. வாங்குபவர் தவணை தவறினால் கடும் தண்டனை; கட்டுபவர் தாமதித்தால் பெயருக்கு ஒரு தொகை. வீடு வாங்கியவர்களின் சங்கம் போட்டி ஆணையத்துக்குப் போனது. குர்கானின் உயர்விலைக் குடியிருப்புச் சந்தையில் டி.எல்.எஃப். ஆதிக்க நிலையில் இருக்கிறது, அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2011 ஆகஸ்ட்டில் ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எட்டாண்டுகள் கழித்து, அதே குர்கானில், பயனியர் அர்பன் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஒப்பந்தம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதே சாய்வு, கிட்டத்தட்ட அதே ஷரத்துகள். இம்முறை நுகர்வோர் சட்டத்தின் கீழ். இப்படி ஒருதலையான ஒப்பந்தமே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நீதிமன்றம் சொன்னது. சந்தை எது, ஆதிக்கம் யாருக்கு என்ற ஆராய்ச்சியே அங்கே தேவைப்படவில்லை.

முதல் வழக்கில் வக்கீல்களின் உழைப்பில் பெரும்பகுதி ‘தொடர்புடைய சந்தை’ எது என்பதை நிரூபிக்கவே செலவாகியிருக்கும். குர்கான் தனிச் சந்தையா, டெல்லியும் சேர்ந்ததா? உயர்விலை வீடு என்றால் எவ்வளவு விலைக்கு மேல்? இரண்டாவது வழிக்கு இது எதுவும் வேண்டாம். ஆனால் முதல் வழி வென்றால் ஒரு கட்டிட நிறுவனம் தன் ஒப்பந்தப் படிவத்தையே எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும். இரண்டாவது வழியில் வழக்குப் போட்டவருக்குப் பணம் திரும்பும். கட்சிக்காரருக்கு எது வேண்டும் என்று கேட்டு வழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, இரண்டு சட்டத்தையும் படித்த வக்கீல் வேண்டும். அப்படிப்பட்டவர்களை நம் சட்டக் கல்லூரிகள் உருவாக்குகின்றனவா?

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டினால் பதில் கிடைக்கிறது. கட்டாயப் பாடங்களில் ஒன்று தீங்கியல் சட்டம். அதற்குள், மோட்டார் வாகன விபத்துக்குப் பக்கத்தில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. போட்டிச் சட்டம் வணிகச் சட்டப் பிரிவின் விருப்பப் பாடங்களில் ஒன்று. எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு மாணவர் ஐந்தாண்டு படித்து வெளியே வரும்போது நுகர்வோர் சட்டம் என்றால் விபத்து இழப்பீட்டின் உறவுக்காரர் என்றும், போட்டிச் சட்டம் என்றால் டெல்லிப் பெருநிறுவன வக்கீல்களின் சொத்து என்றும் நினைத்துக்கொண்டு வந்தால் குற்றம் அவருடையதல்ல.

அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்புகள் முக்கியமாகின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி உலகளாவிய போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் என்ற தலைப்பில் முழுக்க இணையவழியிலேயே முதுநிலைப் பட்டமும் பட்டயமும் நடத்தத் தொடங்கியது. கார்ட்டல் சட்டத்தில் ஆய்வு செய்தவரான கேரன் பீட்டன்-வெல்ஸ் அதை வழிநடத்தினார். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தில் தொலைநிலைப் பட்டயம் நடத்தி வந்திருக்கிறது. அதோடு தொடர்புடைய ரிச்சர்ட் விஷ் எழுதிய பாடநூல் இந்தத் துறையில் பலருக்கும் முதல் நூல். பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியும் நுகர்வோர் சட்டத்தில் தொலைநிலை முதுநிலைப் பட்டயம் நடத்தியிருக்கிறது.

இத்துறைக்கு இணையவழி பொருந்துவதற்கு, வேலையை விடாமல் படிக்கலாம் என்ற வசதியைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் அதே நடத்தையை டெல்லியும் பிரஸ்ஸல்ஸும் பெர்லினும் கான்பெர்ராவும் ஒரே காலத்தில் விசாரிக்கின்றன. உத்தரவுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. கொழும்பு அதிகாரி ஒருவரும் கோவை வக்கீல் ஒருவரும் சிட்னி பொருளியலாளர் ஒருவரும் ஒரே உத்தரவை எடுத்துவைத்து வாதாடும் வகுப்பு, ஒரே ஊர் மாணவர்கள் நிறைந்த அறையில் நடக்காது. உண்மையில் கடினம் வேறிடத்தில் இருக்கிறது: பொருளியல். சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஓர் உதாரணம். சந்தையின் எல்லையை அளக்க ஒரு வழக்கமான சோதனை உண்டு. ஒரே விற்பனையாளர் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவர் விலையை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை நிலையாக உயர்த்தினால் வாங்குபவர்கள் வேறு பொருளுக்கு ஓடுவார்களா என்று கேட்பது. ஓடினால் அந்த வேறு பொருளும் அதே சந்தையைச் சேர்ந்தது. சிமென்டுக்கு இது சரிவரும். வாட்ஸ்அப்புக்கு? விலை பூஜ்யம், பூஜ்யத்தின் பத்து சதவீதமும் பூஜ்யம்தான். 2021இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற பாணியில் மாற்றியபோது போட்டி ஆணையம் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பணம் வாங்காத சேவையில் தரம் குறைவது, நம் தகவல் கூடுதலாகப் பறிபோவது, இவையே பாதிப்பு என்ற வழியில் சென்று 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்வதற்கு விதித்த ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கியது. ‘சம்மதம்’ என்பது நுகர்வோர் சட்டத்தின் பழைய பாடம். அதைப் போட்டிச் சட்டம் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதுவே நடக்கிறது. 2019 நுகர்வோர் சட்டத்தின் கீழ் உருவான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’ என்ற இணைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணம் கூட்டுவது, வெளியேற வழியில்லாத சந்தா என்று 13 வகைகள் அதில் இருக்கின்றன. வெளியேற வழியில்லாத சந்தா ஒரு தனிமனிதரின் எரிச்சல் மட்டுமா? போட்டியாளரிடம் வாடிக்கையாளர் போக முடியாதபடி போடும் பூட்டும் அதுதான்.

சேர்ந்த அமைப்பு இருந்தால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. சிங்கப்பூர் 2018 ஏப்ரலில் தன் போட்டி ஆணையத்துக்கு நுகர்வோர் பணியையும் கொடுத்துப் பெயரையும் மாற்றியது. அது ஓரளவு ஒழுங்காக நடந்த சேர்க்கை. இலங்கை அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால், நியாய வர்த்தக ஆணைக்குழுவைக் கலைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை உருவாக்கியது. பெயரளவில் அதுவும் சேர்க்கைதான். ஆனால் 1987 சட்டத்தில் இருந்த நிறுவன இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த மாற்றத்தில் காணாமல் போனது. இந்தச் சேர்க்கையில் இழந்தது போட்டிச் சட்டம்.

இனி நம் ஊர் மாணவருக்கான நடைமுறைக் கேள்வி. இப்படி ஒரு படிப்பை வீட்டிலிருந்தே முடித்தால் அது இங்கே செல்லுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத துறைகளில் சட்டத்தையும் வைத்திருக்கின்றன. 2025 ஜூனில் இந்திய பார் கவுன்சில், தன் அனுமதி பெறாத இணையவழி, தொலைதூர, கலப்பு முறை எல்.எல்.எம். படிப்புகள் செல்லாது என்று எச்சரித்தது. சட்டக் கல்லூரி ஆசிரியராக விரும்புபவர் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்தவருக்கு, கம்பெனிச் செயலாளருக்கு, கணக்காயருக்கு, நுகர்வோர் அமைப்பில் வேலை செய்பவருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குத் தேவை பட்டத்தின் முத்திரையைவிட உத்தரவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி. இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் சென்னையில் தென்மண்டல அலுவலகம் திறந்துவிட்ட பிறகும், தமிழ்நாட்டு வக்கீல்களில் இத்துறையைத் தொழிலாகக் கொண்டவர்கள் சிலரே என்ற நிலை மாற அந்தப் பயிற்சி உதவும் என்பது என் கணிப்பு.

இதற்கெல்லாம் மேலே ஒரு வேடிக்கை இருக்கிறது. இணையவழிப் படிப்பே இந்த இரண்டு சட்டங்களுக்கும் மிகச் சிறந்த பாடப் பொருள். ஆஸ்திரேலியாவில் ஃபீனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற தனியார் நிறுவனம் 2015இல் சில மாதங்களுக்குள் 11,000க்கும் மேற்பட்டவர்களை இணையவழிப் பட்டயப் படிப்புகளில் சேர்த்தது. முகவர்கள் வீடு வீடாகப் போனார்கள். லேப்டாப் இலவசம், படிப்பும் இலவசம் மாதிரிதான் என்றார்கள். கட்டணம் அரசுக் கடனாக மாணவர் பெயரில் ஏறியது. கம்ப்யூட்டரே கையாளத் தெரியாதவர்களும் சேர்க்கப்பட்டார்கள். படித்து முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்நாட்டு ஆணையம் தொடுத்த வழக்கில், 2023இல் அந்த நிறுவனத்துக்கும் அதன் விற்பனைக் கிளைக்கும் சேர்த்து 43.8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனம் அதற்கு முன்பே திவாலாகிக் கலைப்பில் இருந்தது. இதை ஏமாற்று வழக்காக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். கட்டணத்தை உடனே கொடுக்க வேண்டியதில்லை என்பதால் மாணவர் கண்ணில் விலையே படவில்லை. விலை படாத இடத்தில் விலைப் போட்டி இல்லை. எனவே லேப்டாப்பிலும் முகவர் கமிஷனிலும் போட்டி நடந்தது. சந்தையை வடிவமைத்ததில் இருந்த கோளாறு, வாசல்படியில் ஏமாற்றாக வந்து நின்றது.

இங்கே 2024 நவம்பர் 13 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுத்தது. நூறு சதவீத வெற்றி என்று உறுதி கொடுக்கக் கூடாது. குடிமைப் பணித் தேர்வில் வென்றவரின் படத்தைப் போட்டால் அவர் அங்கே எந்தப் பாடத்தைப் படித்தார் என்றும் சொல்ல வேண்டும். இலவச நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்துபோனவரை முழுநேர மாணவர்போலக் காட்டுவது அந்த அளவுக்குப் பரவியிருந்தது. ஆனால் இது பயிற்சி மையத்துக்கு. பல்கலைக்கழகத்துக்கு? சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கொன்றில் 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று பிரித்துச் சொன்னது. அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

2019 நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது. 2020இன் மின்வணிக விதிகள், இந்தியாவில் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் போட்டி, நுகர்வோர் சட்டப் படிப்புக்குப் பணம் கட்டியவருக்கு, விளம்பரத்தில் சொன்ன ஆசிரியர்களோ பாடங்களோ கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்துக்குப் போனால், இணையத்தில் விற்கப்பட்ட அந்தப் படிப்பு முதலில் ‘சேவை’தானா என்ற வாதத்திலேயே வழக்கு நின்றுவிடலாம். அவர் சேர்ந்த படிப்பின் முதல் பருவத்திலேயே அலச வேண்டிய கேள்வி அது.